துணி சென்சார் ஏன் ஒரே ரீடிங்கில் நிற்பதில்லை?

கையுறையின் ஆள்காட்டி விரல் நெடுக மின்கடத்தும் நூலைத் தைத்து, விரல் மடங்குவதை ஆர்டுயினோ என்கிற சின்ன கண்ட்ரோலர் போர்டில் படித்து, அதே அளவுக்கு ஒரு சிலிக்கோன் ரோபோ விரலை மடக்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். முதல் நாள் ஓடியது. மறுநாள் விரலை நேராக நீட்டி வைத்தாலே வேறு எண் வருகிறது, பத்து தரம் மடக்கி நீட்டினால் அதுவும் மாறிவிடுகிறது. நூல் மட்டமா, விலை கூடிய சென்சார் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நூலை மாற்ற வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்னச் சோதனை. கையுறையைக் கழற்றி மேசைமேல் தட்டையாக வைத்து, விரல் பகுதியைத் தொடாமல், நூலும் ஒயரும் சேரும் இடத்தை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ரீடிங் துள்ளுகிறதா? நான் பார்த்தவரை இப்படி வரும் புகார்களில் பெரும்பாலும் துள்ளும். அப்படியானால் இத்தனை நாள் நீங்கள் அளந்தது விரலை அல்ல, அந்த முடிச்சை. முடிச்சு விஷயம் பெரிது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முடிச்சு கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எண் மாறுகிறது என்றால் அப்புறம் துணியைப் பார்க்க வேண்டும். பனியன் துணியை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். முழுக்க வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி. துணியை இழுத்தால் நூல் நீள்வதில்லை, வளையம்தான் உருமாறுகிறது. வெள்ளி பூசிய நைலான் நூலைப் பின்னிய துணியில் ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையத்தைத் தொடும் புள்ளியில் ஒரு தொடு மின்தடை இருக்கும். அந்தப் புள்ளி அழுந்தினால் தடை குறையும், விலகினால் கூடும். நெருக்கமாகப் பின்னிய துணியில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதைக் குறுக்கே இழுத்தால் அவை பிரிந்து தடை ஏறும். தளர்வாகப் பின்னிய துணியில் இழுத்தவுடன் நூல்கள் இறுகித் தடை முதலில் இறங்கும். பல துணிகளில் இரண்டும் நடக்கும், முதலில் இறங்கி அப்புறம் ஏறும். அந்த மாதிரித் துணியில் ஒரே எண் இரண்டு வேறு நீளங்களைக் குறிக்கும், எந்த மென்பொருளும் அதைப் பிரித்துச் சொல்லாது. ஆக, துணி சென்சார் என்றால் நூலின் குணம் பாதி, பின்னலின் குணம் பாதி. எலக்ட்ரானிக்ஸ் பக்கமிருந்து வருகிற எல்லோரும் (நானும்தான்) இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம். திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவரிடம் பத்து நிமிடம் பேசினால் லூப் லெங்த் (ஒரு வளையத்துக்குப் போகும் நூலின் நீளம்), லைக்ரா (ரப்பர் மாதிரி நீளும் நூல்) டென்ஷன் என்று அவர் சொல்வதெல்லாம் உங்கள் சென்சாரின் ஸ்பெக் ஷீட் என்று புரியும்.

நீங்கள் செய்தது இன்னும் ஒரு படி கீழே. துணியைப் பின்னவில்லை, நூலை நேர்த்தையலாகப் போட்டிருக்கிறீர்கள். நீளும் துணியில் நேர்த்தையல் போட்டால் ஒன்று துணி நீள முடியாமல் சுருங்கும், இல்லை நூல் அறும். பேன்ட் பின்பக்கத் தையல் விட்டுப்போவது மாதிரிதான். ஜிக்-ஜாக் போடுங்கள். மெஷினில் தைப்பதானால் கடத்தும் நூலைப் பாபினில் (கீழ் நூல் சுற்றும் சின்ன உருளை) சுற்றி, மேலே சாதாரண பாலியஸ்டர் நூலைக் கோத்துத் தையுங்கள். மேல் நூல் டென்ஷன் தட்டிலும் ஊசிக்கண்ணிலும் திரும்பத் திரும்ப உரசிப் போகிறது, வெள்ளிப் பூச்சுக்கு அது ஆகாது.

அடுத்தது, போகிற பாதை ஒன்று, திரும்புகிற பாதை வேறு என்கிற பிரச்சினை. துணியை 20 சதவீதம் இழுத்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 வரை இழுத்துவிட்டு மறுபடி 20-க்குக் கொண்டுவாருங்கள், முன்பு குறித்த எண் வராது. நூல்களுக்கிடையே உராய்வு இருக்கிறது, லைக்ரா உடனே சுருங்குவதில்லை. பழைய பனியனின் கழுத்து தொங்கிப்போவதும் ஜீன்ஸின் முட்டி சாயங்காலத்துக்குள் தொப்பை போடுவதும் இதே சமாச்சாரம்தான். கார்பன் கலந்த ரப்பர், சிலிக்கோன் வகைகளில் இன்னொன்றும் சேரும், முதல் சில இழுப்புகளில் உள்ளமைப்பு தளர்ந்து அதற்குப் பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். அதனால் எந்தத் துணி சென்சாரையும் புதிதாக எடுத்து உடனே அளவிடாதீர்கள். இருபது முப்பது தரம் நன்றாக இழுத்துவிட்டு, அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் கையுறை முதல் நாள் ஒழுங்காக ஓடியதாகத் தோன்றியதற்கும் மறுநாள் மாறியதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் நான் முட்டிக்கு ஒரு பட்டை செய்தேன், நடக்கும்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க. ரிப் துணி, நடுவில் சில வரிசைகள் மட்டும் வெள்ளி நூல். மேசைமேல் இழுத்துப் பார்த்தபோது அருமையான வளைகோடு, படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒருவர் காலில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார், ரீடிங் ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனது. சர்க்யூட்டைச் சந்தேகித்து ஒரு முழுநாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் பட்டை இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. முட்டி அங்கேயே இருக்க, சென்சார் கெண்டைக்காலை அளந்துகொண்டிருந்தது. உள்ளே சிலிக்கோன் கோடு போட்ட எலாஸ்டிக்கை வைத்துத் தைத்தவுடன் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி வியர்வை. உப்பு நீர் மின்சாரம் கடத்தும், வெள்ளி நூல் வரிசைகளுக்கு நடுவே குறுக்குவழி போட்டுவிடும்.

சரி, எந்த வகை சென்சார்? விரல் மடங்குவதை அளக்க மின்தடை வகையை விட்டுவிட்டு மின்தேக்கி வகைக்கு மாறச் சொல்வேன். வெள்ளி பூசிய நிட் துணி இரண்டு துண்டு, நடுவில் மெல்லிய சிலிக்கோன் படலம், அவ்வளவுதான் சாதனம். மின்தேக்கத்திறன் பரப்புக்கு நேர்விகிதம், இடைவெளிக்கு எதிர்விகிதம் என்று பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள். சிலிக்கோன் நீளும்போது அதன் கன அளவு மாறுவதில்லை. நீளம் 1.3 மடங்கானால் அகலமும் தடிமனும் ஒவ்வொன்றும் சுமார் 0.88 மடங்காகச் சுருங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அகலம் சுருங்கியதும் தடிமன் சுருங்கியதும் ஒன்றையொன்று அடித்துவிட, மின்தேக்கத்திறன் மிச்சமில்லாமல் அதே 1.3 மடங்கு ஏறும். 30 சதவீதம் இழுத்தால் 30 சதவீதம் ஏற்றம், நேர்கோடு. வெள்ளித் துணியின் தடை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பெரிதாகப் பாதிக்காது. தொடுபுள்ளி விளையாட்டெல்லாம் இங்கே செல்லாது. நிஜத் துணியில் அகலம் அப்படியே பாடப்புத்தகக் கணக்குப்படி சுருங்காது, அதனால் சின்ன விலகல் இருக்கும், அதை ஒரு தடவை அளந்து திருத்திக்கொள்ளலாம்.

ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் கானர் வால்ஷ் குழுவினர் 2017-இல் வெளியிட்டது இதைத்தான். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம், ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாக வார்க்காமல் பெரிய தாளாக ஒட்டி எடுத்து, லேசரில் வேண்டிய வடிவத்துக்கு வெட்டிக்கொண்டது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவைப் பிடித்தது, 30 மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தது. நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டலாம், ஒன்றும் கெடாது. ஆனால் வெட்டிய ஓரத்தில் பிசிறு நூல் ஒன்று மேலும் கீழும் தொட்டுவிட்டால் ஷார்ட். ஓரத்தை ஒரு தரம் பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

இதற்கும் ஒரு வம்பு உண்டு. அளவு பிக்கோஃபாரடுகளில்தான் இருக்கும், அதாவது மிக மிகச் சிறியது. பக்கத்தில் கை வந்தாலே மாறும், ஒயர் ஆடினாலே மாறும். துணியை மூன்று அடுக்காக்கி, நடு அடுக்கில் சிக்னலும் வெளி இரண்டு அடுக்கும் கிரவுண்டுமாக வைத்தால் பெருமளவு அடங்கும். அளக்கும் சிப்பைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே, புறங்கைமேல் வையுங்கள், அரை மீட்டர் ஒயரை இழுத்துக்கொண்டு லேப்டாப் வரை போகாதீர்கள்.

மின்தடை வகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூச்சை எண்ணுவதற்கு மார்பில் கட்டும் பட்டை என்றால் அதுதான் சுலபம், ஏனென்றால் அங்கே எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஏறி இறங்குகிறதா என்பதுதான் முக்கியம், மெதுவான நகர்வை ஃபில்டர் போட்டுக் கழித்துவிடலாம். அழுத்தத்துக்கும் அப்படித்தான். வெலோஸ்டாட் என்று கார்பன் கலந்த கறுப்பு பாலிதீன் தாள், எலக்ட்ரானிக்ஸ் உதிரிகளை நிலைமின்னிலிருந்து காக்கச் சுற்றி வைப்பது. அதை இரண்டு கடத்தும் துணித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தடை விழும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள், அழுத்தம் மாறாவிட்டாலும் எண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும், விட்டவுடன் பழைய இடத்துக்கும் வராது. எடை பார்க்க இது ஆகாது. தொட்டதா, கெட்டியாகப் பிடித்ததா என்பதற்குத் தாராளமாகப் போதும்.

எம்ஐடியில் சுப்ரமணியன் சுந்தரம் குழுவினர் 2019-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கையுறை ஏறத்தாழ இந்த ஜாதிதான். நிட் கையுறை, மேலே அழுத்தத்துக்குத் தடை மாறும் படலம், அதன் இருபக்கமும் கடத்தும் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக. 548 சென்சார்கள், பொருட்செலவு சுமார் 10 டாலர். குறுக்கும் நெடுக்குமாக வைப்பதில் என்ன லாபம் என்றால், உதாரணத்துக்கு இந்தப் பக்கம் 32 நூல், அந்தப் பக்கம் 32 நூல் போட்டால் 1024 சந்திப்புகள் கிடைக்கும், வெளியே வரும் ஒயர் 64 மட்டும். அந்தக் கையுறையில் ஒரு தனி சென்சாரை எடுத்து நம்பினால் கதை கந்தல். ஆனால் 26 வகைப் பொருள்களை எடுத்துக் கையாளும்போது உள்ளங்கையில் விழும் அழுத்தப் படத்தை வைத்து, எந்தப் பொருள் என்று நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். தனி எண்ணைவிட மொத்தப் படம் முக்கியம் என்கிற இடத்தில் மட்டமான சென்சாரும் பிழைத்துக்கொள்ளும். உங்களுக்கு ஒரு விரல், ஒரு எண், எனவே அந்தச் சலுகை இல்லை.

இப்போது ரோபோ விரல். சாதாரண ரோபோவுக்கு மூட்டில் என்கோடர் இருக்கும், கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியும். காற்றடித்து மடக்கும் சிலிக்கோன் விரலுக்கு மூட்டே கிடையாது. ஒரே அளவு காற்றை அடித்தாலும் வெறுமனே இருக்கும்போது ஒரு வளைவு, நடுவில் தக்காளி மாட்டிக்கொண்டால் வேறு வளைவு. காற்றழுத்தத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால் சென்சார் கையுறையில் ஒன்று போதாது, ரோபோ விரலிலும் வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 2011 வாக்கில் பிரபலமாக்கிய வகை விரலில் ஒரு பக்கம் அறைகள் இருக்கும், மறுபக்கம் தாளோ துணியோ பதித்து நீளாதபடி செய்திருக்கும். காற்று உள்ளே போனால் நீளாத பக்கமாக மடங்கும். அந்த நீளாத பக்கத்தில் இழுவை சென்சாரை ஒட்டினால் பாவம் அதற்கு என்ன தெரியும், அங்கே நீட்சியே இல்லையே. இழுவை சென்சார் வெளிமுதுகில், அழுத்த சென்சார் பொருளைத் தொடும் நீளாத பக்கத்தில். அங்கே துணி ஏற்கெனவே இருக்கிறது, அதையே கடத்தும் துணியாகப் போட்டு வார்த்துவிட்டால் தனியாக ஒட்டும் வேலையும் மிச்சம். முதுகில் ஒட்டும் துணி மட்டும் சிலிக்கோனைவிட விறைப்பாக இருக்கக் கூடாது, இருந்தால் அளக்கப் போன சென்சாரே விரலை மடங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஆய்வகத்தில் இத்தனை அழகாக இருக்கும்போது கடையில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஆளில்லாமல் இல்லை. 1996-இலேயே ஜார்ஜியா டெக்கில் சுந்தரேசன் ஜெயராமன் அமெரிக்கக் கடற்படைப் பணத்தில் ஆப்டிகல் ஃபைபரை உடம்பு முழுக்கச் சுற்றி வரும்படி நெய்து, குண்டு எங்கே துளைத்தது என்று கண்டுபிடிக்கும் சட்டை செய்தார். அவர் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தது மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில். இருபது வருடம் கழித்து நடந்த கதைதான் எனக்கு அதிகம் உறைத்தது. ஜப்பானில் ஸோஸோ டவுன் என்கிற ஆன்லைன் துணிக்கடை, ஆளின் அளவை வீட்டிலேயே எடுக்க 2017 நவம்பரில் ஸோஸோசூட் என்று ஓர் உடையை அறிவித்தது. நியூசிலாந்தின் ஸ்ட்ரெட்ச்சென்ஸ் நிறுவனத்தின் நீளும் சென்சார்கள் 150. கேட்டு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், செய்து கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடமே சென்சாரைத் தூக்கிவிட்டு, வெள்ளைப் புள்ளி அச்சடித்த சாதாரண இறுக்க உடையும் ஃபோன் கேமராவும் போதும் என்று மாறினார்கள். ஒரே வேலையை ஒரு கேமரா மலிவாகச் செய்யுமானால் துணி சென்சார் தோற்கும். கேமரா பார்க்க முடியாத இடத்தில், சட்டைக்குள், ஷூவுக்குள், ரோபோ பிடிக்குள், அங்கேதான் இதற்கு வாழ்வு. கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017-இல் விட்ட ஜாக்கெட்டையும் சொல்லலாம். மணிக்கட்டுப் பட்டியில் கடத்தும் நூல், தடவினால் ஃபோனில் பாட்டு மாறும், விலை 350 டாலர், பத்து தரம் துவைக்கலாம் என்றார்கள். பத்து தரம்! நம் வெயிலுக்கு அது இரண்டு வாரம்.

துவைப்பதில் சாவது பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு. உரசலில் உதிரும், வியர்வையிலும் காற்றிலும் இருக்கும் கந்தகத்தில் கறுக்கும், குளோரின் பிளீச் பட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல் இதைப் பெருமளவு தாங்கும், ஆனால் விறைப்பு, குத்தும். கையுறைக்கு வெள்ளியே போதும்.

கடைசியாக அந்த முடிச்சு. நூலை ஒயரில் சால்டர் செய்ய முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் செய்வதுதான். ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும், ஆனால் அயர்ன் முனை 300-க்கு மேல் இருக்கும், நைலான் வகையைப் பொறுத்து 220-இலிருந்து 260-க்குள் உருகிவிடும். வெள்ளி ஒட்டிக்கொண்ட மாதிரித் தெரியும், உள்ளே நூல் கருகி இரண்டு மடிப்பில் ஒடியும். அதற்குப் பதில் உலோகப் பிரஸ் பட்டன் வையுங்கள், குழந்தைச் சட்டையில் இருக்குமே அது. ஆண் பாதியைக் கையுறையில், நூலை அதன் துளைகளில் நாலைந்து சுற்று இறுக்கித் தைத்து, பெண் பாதியில் ஒயரைச் சால்டர் செய்யுங்கள், அது உலோகம், தாங்கும். பட்டன் உட்காரும் இடத்தில் துணி நீளக் கூடாது, அடியில் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் ஒரு துண்டை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிடுங்கள். அந்தத் துண்டு முடியும் ஓரம்தான் அடுத்து ஒடியும் இடம், அங்கே நூலை நேராக விடாமல் ஒரு சிறிய எஸ் வளைவு கொடுத்துத் தையுங்கள். இணைப்பு புறங்கையில் இருக்கட்டும், விரல் கணுவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இதைச் செய்துவிட்டு, மின்தேக்கி சென்சாரை இருபது முப்பது தரம் இழுத்துப் பழக்கிவிட்டு, ஒவ்வொரு முறை கையுறை மாட்டும்போதும் விரலை ஒரு தரம் முழுக்க நீட்டி ஒரு தரம் முழுக்க மடக்கி இரண்டு எண்களை மட்டும் புதிதாக எடுத்துக்கொள்ளும்படி ஸ்கெட்ச்சில் (ஆர்டுயினோ புரோகிராமில்) எழுதுங்கள். நேற்றைய எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். அப்படியும் நகர்ந்தால் கையுறையின் அளவைப் பாருங்கள் தம்பி, பெரிய சைஸ் வாங்கியிருப்பீர்கள்.